இருபத்துநான்கு கோர் கொடுத்தும் ஓடாத சர்வர்

எங்கள் கம்பெனியில் சர்வர் மெதுவாக ஓடுகிறது என்று முதலில் கண்டுபிடித்தவர்கள் கணினிப் பிரிவில் இல்லை. கேட்டுக்கு வெளியே வரிசையில் நின்ற லாரி டிரைவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். கணினிப் பிரிவு அதை ஒப்புக்கொள்ள ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் நான் அந்தப் பிரிவில்தான் இருந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி மற்றவர்களுக்கு நான் கொடுக்கப்போகும் திட்டில் எனக்கும் பங்கு உண்டு.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிகளுக்கான பிரேக் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை அது. அங்கே டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆர்டர், ஸ்டாக், இன்வாய்ஸ், கேட் பாஸ் எல்லாமே அந்த ஒரு டேட்டாபேஸில்தான். அது ஒழுங்காக ஓடும்வரை நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று யாருக்கும் தெரியாது. பதினொரு வருடம் அப்படித்தான் போனது. காலையில் அண்ணனூரில் மின்சார ரயில் ஏறி, பட்டரவாக்கத்தில் இறங்கி, எஸ்டேட் ரோட்டில் நடந்து, ஏசி அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் சாயங்காலம்வரை யாரும் கூப்பிட மாட்டார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

அப்போது டேட்டாபேஸுக்கென்று தனியாக ஒரு சர்வர் இருந்தது. பழைய பெட்டி, விசிறிச் சத்தம் காதைக் கிழிக்கும். ஆனால் கேட் பாஸ் கேட்டால் மூன்று விநாடியில் அச்சாகி வெளியே வரும்.

பிறகு எங்கள் பிரிவுக்குப் புதிய தலைவர் வந்தார். வேறு ஏதோ கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருந்தவர் என்றார்கள். கையில் எப்போதும் ஒரு காபிக் கோப்பை இருக்கும், அதில் காபி இருந்து நான் பார்த்ததில்லை. வந்த இரண்டாவது வாரமே சர்வர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒரு பெட்டிக்கு ஒரு வேலையா? இதைவிட வேஸ்ட் உலகத்துல கிடையாது" என்றார். இரண்டு பெரிய பெட்டிகள் வாங்கினார். பழைய சர்வர்கள் எல்லாவற்றையும் விர்ச்சுவல் மெஷின்களாக மாற்றி அவற்றுக்குள் போட்டார். அதாவது, வெளியே இருப்பது ஒரே இரும்புப் பெட்டி. உள்ளே பத்துப் பதினைந்து கணினிகள், ஒவ்வொன்றும் தனக்கென்று தனிப் பெட்டி இருப்பதாக நம்பிக்கொண்டு ஓடும்.

இந்த ஏற்பாடு முட்டாள்தனமானது என்று நான் சொல்லவில்லை. பாதி உலகம் இப்படித்தான் நடக்கிறது, நன்றாகவே நடக்கிறது. ஆனால் ஒரு பெட்டியில் எவ்வளவு போடலாம் என்று கணக்குப் பார்த்துப் போட வேண்டும். எங்கள் தலைவருக்குக் கணக்கு வராது. வார்த்தைகள் வரும்.

முதல் இரண்டு மாதம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பெட்டியில் இடம் இருக்கிறது என்று தெரிந்ததும் ஆளாளுக்கு வந்து கேட்டார்கள். டிசைன் பிரிவுக்கு ஒன்று, பரிசோதனைக்கு ஒன்று, அந்தப் பரிசோதனையைப் பரிசோதிக்க ஒன்று. கேட்டவர்களுக்கெல்லாம் தலைவர் கொடுத்தார். புதிதாக ஒன்றை உண்டாக்க அவருக்கு நான்கு கிளிக் போதும். அந்த நான்கு கிளிக்கைச் செய்துவிட்டு, ஒரு பாலம் கட்டி முடித்தவர்போல நாற்காலியில் சாய்ந்துகொள்வார்.

மூன்றாவது மாதம் எனக்கு முதல் போன் வந்தது. டெஸ்பாட்ச் சூப்பர்வைசர். லாரிகளில் சரக்கு ஏற்றி, இன்வாய்ஸும் கேட் பாஸும் எடுத்துக் கொடுத்து வண்டியை வெளியே அனுப்புகிறவர். வானகரத்துக்காரர். அவர் குடும்பத்து நிலம் இருந்த இடத்தில் இப்போது ஒரு கல்யாண மண்டபமும் ஒரு டைல்ஸ் கடையும் நிற்கின்றன. இருபத்தைந்து வருடம் எங்கள் கம்பெனியில் இருந்தவர். சத்தம் போட்டுப் பேசுவாரே தவிர பொய் பேச மாட்டார்.

"இன்னா மேடம், ஒன் மிஷினு தூங்கிக்கினு கீதா?"

"ஏன் அண்ணே?"

"பட்டன அமுக்கிட்டு நான் போய் டீ குட்ச்சிட்டு வந்துட்டேன். பேப்பரு இன்னும் வரல. வெளிய ஆறு வண்டி நிக்குது. டிரைவருங்க என்ன கிழிக்கறானுங்க."

நான் என் திரையைப் பார்த்தேன். டேட்டாபேஸில் எந்தப் பிரச்சினையும் தெரியவில்லை. ஒன்றையொன்று பூட்டிக்கொண்டு நிற்கும் வேலைகள் இல்லை, நிரம்பிய டிஸ்க் இல்லை. சிபியூ பயன்பாடு முப்பது சதவீதம்தான். "இங்க எல்லாம் சரியாத்தான் இருக்கு அண்ணே" என்றேன்.

"அங்க சரியா கீதுன்னா வண்டிங்கள அங்க அனுப்பட்டா?" என்று கேட்டு வைத்துவிட்டார்.

அதன்பிறகு தினமும் போன். காலை பத்தரைக்குமேல் ஒரு தடவை, மூன்றரையிலிருந்து ஐந்துவரை விடாமல். மூன்று விநாடியில் வந்த கேட் பாஸுக்கு ஒன்றரை நிமிடம் ஆயிற்று. நான் எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன். டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் வினவல்களில் மெதுவானவற்றைத் தேடித் திருத்தினேன். இண்டெக்ஸ்களைப் புதுப்பித்தேன். ஏழு மணிக்கு ஆபீஸ் வந்து ஓட்டிப் பார்த்தால் எல்லாம் பறக்கும். பத்தரைக்கு மறுபடி இழுக்கும்.

தலைவரிடம் சொன்னேன். அவர் ஆலோசகர் ஒருவரை வரவழைத்தார். பளபளக்கும் ஷூ, கழுத்தில் நாலு நிறப் பட்டையில் அடையாள அட்டை. என்னுடன் உட்கார்ந்து அரைமணி நேரம் பார்த்தார். அதில் இருபது நிமிடம் போனில் பேசினார். பிறகு சொன்னார்: "எட்டு கோர் கொடுத்திருக்கீங்க. பத்தாது மேடம். பதினாறு ஆக்கிடுங்க."

கோர் என்றால் கணக்குப் போடும் மூளை என்று வைத்துக்கொள்ளலாம். எட்டைப் பதினாறு ஆக்கினோம். இன்னும் மெதுவானது. ஆலோசகருக்குப் போன் போட்டோம். நேரில் வரக்கூட இல்லை. "அப்ப இருபத்துநாலு ஆக்கிடுங்க."

மாற்றம் செய்யும்போது ஒரு படிவம் நிரப்ப வேண்டும். 'எதிர்பார்க்கப்படும் பலன்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 'வேகம் கூடும்' என்று என் கையால் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். பதினாறுக்கே மோசமானதைக் கண்ணால் பார்த்த பிறகும். ஏன் போட்டேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். வேறு பதில் என்னிடம் இல்லை. பதில் இல்லாதவளாகத் தெரிவதற்குப் பதில் தப்பான பதிலுக்குக் கையெழுத்துப் போடுவது எனக்கு எளிதாக இருந்தது. ஆலோசகரைப் பார்த்துச் சிரிக்கிற எனக்கும் அவருக்கும் அந்த விஷயத்தில் அதிக வித்தியாசம் இல்லை. அவர் ஷூ நல்லது, அவ்வளவுதான்.

இருபத்துநான்கு ஆனதும் கேட் பாஸுக்கு மூன்று நிமிடம் ஆயிற்று.

அந்த மாத ரிவ்யூ மீட்டிங்கை நான் மறக்க மாட்டேன். ஆலை மேலாளர் மேஜையின் தலைப்பக்கம் உட்கார்ந்திருந்தார். வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து சரக்குத் தாமதம் என்று புகார் வந்திருந்தது. எங்கள் தலைவர் எழுந்து திரையில் ஒரு படம் போட்டார். பச்சை நிறக் கோடு ஒன்று கீழேயே படுத்துக்கிடந்தது.

"இது நம்ம டேட்டாபேஸ் சர்வர். பயன்பாடு வெறும் இருபது சதவீதம். எண்பது சதவீதம் சும்மா இருக்கு சார். சிஸ்டம்ல பிரச்சினையே இல்ல. அப்ப டிலே எங்க இருக்கு? ப்ராசஸ்ல இருக்கு. மனுஷங்ககிட்ட இருக்கு."

டெஸ்பாட்ச் சூப்பர்வைசரைக் கூப்பிட்டார்கள். எண்ணெய்க் கறை படிந்த காக்கிச் சட்டையோடு வந்து வாசலருகே நின்றார். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"சார், பட்டன நான் அமுக்கறேன். பேப்பர மிஷினு குடுக்கணும். நடுவுல நான் இன்னா பண்ணிக்கினு கீறேன்னு நீயே சொல்லு சார்."

"டீ குடிக்கப் போறதா ரிப்போர்ட் இருக்கே?" என்றார் தலைவர்.

சூப்பர்வைசர் டீ குடித்ததை என்னிடம்தான் சொல்லியிருந்தார். நான் அதைத் தலைவரிடம் தாமதத்துக்கு உதாரணமாகச் சொல்லியிருந்தேன். அது இப்போது இப்படித் திரும்பி வந்தது.

சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். மேஜையைச் சுற்றி ஒன்பது பேர் இருந்தோம். ஏழு மணிக்கு வேகமாகவும் பத்தரைக்கு மெதுவாகவும் ஓடுவது சூப்பர்வைசரின் டீயால் அல்ல என்று எனக்குத் தெரியும். என்ன காரணம் என்று தெரியாது. அந்தப் பச்சைக் கோட்டை எப்படி மறுப்பது என்றும் தெரியாது. நான் என் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வாரம் அவருக்கு மெமோ கொடுத்தார்கள். பணியில் அலட்சியம். அதற்கடுத்த வாரம் பூந்தமல்லி குடோனுக்கு மாற்றினார்கள். அவர் இடத்துக்கு வந்தவரும் பட்டனை அமுக்கிவிட்டு மூன்று நிமிடம் காத்திருந்தார்.

என் கணவர் ஆவடியில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர். அவரிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "மெஷின் சும்மா இருக்குன்னு யாரு சொல்றா?"

"மெஷினேதான் சொல்லுது."

"சும்மா இருக்கா, இல்ல வேலை செய்ய விடாம நிறுத்தி வச்சிருக்காங்களா? ரெண்டும் வெளியப் பார்த்தா ஒண்ணாத்தானே தெரியும்?"

எனக்கு அது உறைத்தது. பதினொரு வருட அனுபவத்தில் எனக்கே தோன்றியிருக்க வேண்டியது. அடுத்த நாள் ஒரு சின்ன நிரல் எழுதினேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட எழுதலாம். டேட்டாபேஸை அது தொடாது, டிஸ்க்கைத் தொடாது. ஒன்றிலிருந்து ஒரு பெரிய எண்வரை எண்ணும். எண்ணி முடிக்க எத்தனை விநாடி ஆனது என்று குறித்துவைக்கும். நிமிடத்துக்கு ஒருமுறை இதையே செய்யும். எண்ணுவது என்றைக்கும் ஒரே வேலைதான். ஆகவே நேரமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

காலை ஏழு மணிக்கு இரண்டு விநாடி. பத்தே முக்காலுக்கு ஆறு. மூன்று நாற்பதுக்குப் பதினொன்று.

அந்த எண்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். டேட்டாபேஸ் மீது தப்பில்லை. என் வினவல்கள்மீது தப்பில்லை. சூப்பர்வைசர் மீது சுத்தமாகத் தப்பில்லை. எங்கள் விர்ச்சுவல் மெஷின் ஓடுவதற்குத் தயாராக நின்றிருக்கிறது. வெளியே இருக்கும் பெரிய பெட்டி அதற்கு இடம் கொடுக்காமல் நிறுத்திவைத்திருக்கிறது. உள்ளே இருக்கும் மெஷினுக்குத் தான் நிறுத்தப்பட்டதே தெரியாது. கண்ணை மூடித் திறப்பதுபோல அந்த நேரம் அதற்குக் காணாமல் போய்விடும், கடிகாரம் மட்டும் முன்னால் போயிருக்கும். பச்சைக் கோடு அதனால்தான் கீழே படுத்துக்கிடந்தது. அது பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்கக்கூடாத கேள்வியை நாங்கள் கேட்டிருந்தோம்.

நிறுத்திவைத்த நேரம் எவ்வளவு என்பது பெரிய பெட்டியின் நிர்வாகத் திரையில் தெரியும். அந்தத் திரையைப் பார்க்கும் அனுமதி எனக்கு இல்லை. தலைவரிடம் கேட்டேன். பார்க்க மட்டும் போதும், எதையும் தொட மாட்டேன் என்றேன்.

"செக்யூரிட்டி இஷ்யூ" என்றார்.

"அப்ப நீங்களே பார்த்துச் சொல்லுங்க சார். மெஷின் எவ்ளோ நேரம் காத்து நிக்குதுன்னு, ரெடி டைம்னு ஒரு கணக்கு இருக்கும்."

"நீங்க உங்க டேட்டாபேஸைப் பாருங்க. இன்ஃப்ரா நான் பார்த்துக்கறேன்." காலிக் கோப்பையை வாயில் வைத்து ஒரு வாய் குடித்தார்.

அந்தக் கணக்கு எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. வந்த நாளிலிருந்து அந்தத் திரையில் நான்கு கிளிக்கைத் தவிர அவர் வேறு எதையும் தொட்டதில்லை. கேட்டால் தெரியவில்லை என்று சொல்ல வேண்டியிருக்கும் என்பதற்காக ஒரு ஆலை முழுவதையும் மூன்று நிமிடம் நிற்கவைத்திருந்தார்.

மூன்றே முக்காலுக்கு நான் ஆலை மேலாளர் அறைக்குப் போனேன். வாசலில் கொஞ்சம் தயங்கியது உண்மை. அவர் பழைய தலைமுறை மெக்கானிக்கல் ஆள். கணினி என்றால் முகம் சுளிப்பார்.

"சார், ஒரு நிமிஷம் உங்க வாட்ச் வேணும்."

அவர் விநோதமாகப் பார்த்தார். லேப்டாப்பை அவர் முன் வைத்து, அதன் வழியாகச் சர்வரில் அந்த நிரலை ஓட்டினேன். "இது ஒண்ணுல இருந்து எண்ணும். காலையில ரெண்டு விநாடியில எண்ணிச்சு. இப்ப நீங்களே பாருங்க."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முள் நகர்ந்துகொண்டே இருந்தது. ஒன்பது... பத்து... பன்னிரண்டில் முடிந்தது.

"லேத்து மெஷின் ஒண்ணு காலையில ஒரு வேகம், சாயங்காலம் ஒரு வேகம்னு ஓடினா நீங்க ஆபரேட்டருக்கு மெமோ குடுப்பீங்களா, கரண்ட்டு சரியா வருதான்னு பார்ப்பீங்களா சார்?"

அவர் இன்டர்காமை எடுத்து எங்கள் தலைவரை வரச்சொன்னார்.

நிர்வாகத் திரையை அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகப் பார்த்தேன். ஆலை மேலாளர் என் பின்னால் நின்றார். தலைவர் பக்கத்தில் நின்று பாஸ்வேர்டை இரண்டு தடவை தப்பாக அடித்தார். திறந்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. பெட்டியில் உண்மையாக இருந்தது முப்பத்திரண்டு கோர். உள்ளே இருந்த மெஷின்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தது நூற்றுக்கும் மேல். அதில் எனக்கு மட்டும் இருபத்துநான்கு.

கொஞ்சம் அதிகமாக வாக்குக் கொடுப்பது வழக்கம்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்க மாட்டார்கள் என்ற தைரியம். ஆனால் கூட்டம் நெரியும் பெட்டியில் அதிகக் கோர் உள்ள மெஷினுக்குத்தான் கஷ்டம் அதிகம். அதன் கோர்கள் ஏறக்குறையச் சேர்ந்தே நகர வேண்டும். ஒன்பது மணி ரயிலில் ஒருவர் எப்படியாவது தொற்றிக்கொள்ளலாம். இருபத்துநான்கு பேர் ஒரே பெட்டியில்தான் ஏறுவோம் என்று நின்றால் பிளாட்பாரத்திலேயே நிற்க வேண்டியதுதான். எட்டைப் பதினாறாக்கி, பதினாறை இருபத்துநான்காக்கி, என் மெஷினை நானே பிளாட்பாரத்தில் நிறுத்தியிருந்தேன்.

இன்னொன்றும் தெரிந்தது. மெஷினுக்கு ஒதுக்கிய நினைவகத்தில் கணிசமான பகுதியைப் பெட்டி திரும்பப் பிடுங்கி மற்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. காகிதத்தில் என்னுடையது. உண்மையில் இல்லை.

"சாயங்காலம் மூணரைக்கு யாரு இவ்ளோ சாப்பிடறா?" என்று ஆலை மேலாளர் கேட்டார்.

பட்டியலை வரிசைப்படுத்தினேன். முதலில் நின்றது ஒரு மெஷின், பதினாறு கோர். அதன் பெயரைப் பார்த்ததும் தலைவர் இருமினார். வரவேற்பறையில் ஒரு பெரிய டிவி மாட்டியிருந்தார்கள். ஆலையின் செயல்திறனை விருந்தினர்களுக்குக் காட்டும் படங்கள் அதில் ஓடும். உற்பத்தி, தரம், சர்வர் வேகம் எல்லாம் வண்ண வண்ணமாகச் சுழலும். தலைவரின் சொந்தத் திட்டம். காலை பத்தரைக்கும் மாலை மூன்றரைக்கும் அன்றைய தரவை அள்ளிக்கொண்டுபோய் அந்த மெஷின் கணக்குப் போட்டுப் படம் வரையும். டெஸ்பாட்ச் மிக மோசமாக இருக்கிறது என்று சிவப்புப் படம் வரைந்து காட்டியதும் அதே டிவிதான்.

ஆலை மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காலைப் பூசைக்குப் போகாமல் ஆபீஸ் போனேன். டேட்டாபேஸை நிறுத்தி, இருபத்துநான்கை எட்டாகக் குறைத்தேன். அதற்கான நினைவகம் முழுவதையும் யாரும் தொட முடியாதபடி ஒதுக்கிவைத்தோம். டிவி மெஷினை இரண்டாவது பெட்டிக்கு நகர்த்தி நான்கு கோர் மட்டும் கொடுத்தோம். யாருடையது என்றே தெரியாமல் ஓடிக்கொண்டிருந்த ஐந்து மெஷின்களை அணைத்தோம். யாரும் தேடி வரவில்லை, இன்றுவரை. எல்லாம் சேர்ந்து ஒன்றரை மணி நேர வேலை. தலைவர் கூடவே நின்று, "குறைச்சா எப்படி வேகம் கூடும், லாஜிக்கே இல்லையே" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை மூன்று நாற்பதுக்கு கேட் பாஸ் நான்கு விநாடியில் வந்தது. அந்தப் பழைய பெட்டியைவிட ஒரு விநாடி அதிகம். பரவாயில்லை என்று விட்டேன்.

செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு போட்டு, திருவேற்காடுவரை ஒரு பஸ், அங்கிருந்து ஷேர் வேன் பிடித்துப் பூந்தமல்லி குடோனுக்குப் போனேன். சூப்பர்வைசர் அட்டைப்பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டாலும் காட்டிக்கொள்ளவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். டிவியைப் பற்றிச் சொன்னபோது ஒருமுறை சிரித்தார்.

"சரி. அன்னிக்கு மீட்டிங்ல நீ ஏன் வாயத் தொறக்கல?"

"எனக்கு நிச்சயமா தெரியல அண்ணே. தெரியாம எப்படிப் பேசறதுன்னு..."

"அங்க இருந்த எவனுக்கும் நிச்சயமா தெரியாது. அவனுங்கல்லாம் பேசுனானுங்களே. நீ ஒருத்திதான் கம்முனு இருந்த."

அவர் மறுபடி பெட்டிகளை எண்ண ஆரம்பித்தார். பிறகு, எண்ணிக்கொண்டே, "டீ வாங்கியாறச் சொல்லட்டா? இங்க டீ குட்ச்சா யாரும் ரிப்போர்ட் போட மாட்டாங்க" என்றார். அது கிண்டலா மன்னிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. குடித்துவிட்டு வந்தேன்.

அந்த மாத ரிவ்யூவில் தலைவர் மறுபடி படம் போட்டார். தலைப்பு, 'ரைட் சைஸிங் முயற்சி'. தன் தலைமையில் கணினிப் பிரிவு மேற்கொண்ட நுணுக்கமான ஆய்வால் கேட் பாஸ் நேரம் குறைந்தது என்றார். எட்டுப் பேர் கை தட்டினார்கள். நான் எழுந்தேன்.

"இருபத்துநாலு கோர் வேணும்னு படிவத்துல கையெழுத்துப் போட்டது நான். அது தப்பு. அந்தத் தப்புக்கு டெஸ்பாட்ச்ல இருந்தவருக்கு மெமோ குடுத்திருக்கோம். அவர்மேல ஒரு குத்தமும் இல்ல. அதை வாபஸ் வாங்கணும்."

"இது பிளேம் கேம் ஆடற இடம் இல்ல" என்றார் தலைவர்.

"போன தடவை ஆடினோமே சார்."

ஆலை மேலாளர் மனிதவள அதிகாரியைப் பார்த்து, "வாபஸ் வாங்கிடுங்க" என்றார்.

"மெமோ குடுக்கத்தான் சார் ஃபார்ம் இருக்கு. வாபஸ் வாங்க ஃபார்ம் இல்ல" என்றார் அவர். நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே கவலைப்பட்டார்.

ஐந்து வாரம் கழித்துச் சூப்பர்வைசருக்குக் கடிதம் போயிற்று. நான் பிரதியைப் பார்த்தேன். 'தங்கள்மீதான குற்றச்சாட்டு கருணை அடிப்படையில் மன்னிக்கப்படுகிறது' என்று எழுதியிருந்தார்கள். அன்று மத்தியானமே பூந்தமல்லியிலிருந்து போன் வந்தது.

"மேடம், இன்னாத்துக்கு மன்னிப்பு? நான் இன்னா பண்ணேன்னு மன்னிக்கறான்? இந்தப் பேப்பர் எனக்கு வாணாம்." கடிதத்தை அதே உறையில் போட்டு, கம்பெனி வண்டியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்.

இரண்டாவது கடிதத்தை நானே எழுதிக்கொண்டுபோய் மனிதவள அதிகாரி மேஜைமேல் வைத்தேன். நான்கே வரி. தாமதத்துக்குக் காரணம் சர்வர் அமைப்பு, மெமோ தவறாகக் கொடுக்கப்பட்டது, அது ரத்து செய்யப்படுகிறது, கம்பெனி வருத்தம் தெரிவிக்கிறது. 'வருத்தம்' என்ற சொல்லை எடுத்துவிடலாமா என்று கேட்டார். முடியாது என்றேன். ஆலை மேலாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சூப்பர்வைசரை மறுபடி அம்பத்தூருக்கு வரச்சொன்னார்கள். அவர் வரவில்லை. பூந்தமல்லி வீட்டுக்குப் பக்கம், கூட்டம் இல்லை, கோப்பையோடு யாரும் திரிவதில்லை என்று காரணம் சொன்னார். எங்கள் தலைவர் அடுத்த வருடம் இன்னும் பெரிய கம்பெனிக்கு, இன்னும் பெரிய பதவிக்குப் போனார். அவருடைய பிரிவு உபசார விழாவில் கேக் வெட்டினார்கள். எனக்கு மாதாந்திரப் பேக்கப் வேலை இருந்தது, போகவில்லை. இரண்டாவது கடிதத்தைச் சூப்பர்வைசர் லேமினேட் செய்து குடோனில் தன் மேஜைக்குப் பின்னால் ஒட்டிவைத்திருப்பதாக லாரி டிரைவர் ஒருவர் சொன்னார்.